புது மானிட்டரும் பில்லின் அடியில் உள்ள வரியும்

சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கினாலும், ஆன்லைனில் வரவழைத்தாலும், மானிட்டரின் குறை அதற்கு மின்சாரம் கொடுத்த பிறகுதான் தெரியும். கறுப்புத் திரையின் நடுவே பச்சையாக ஒரு புள்ளி, அணையாமல் மின்னிக்கொண்டிருக்கும். கடைக்காரரிடம் போனால், பில்லின் அடியில் அச்சிட்டிருப்பதைக் காட்டுவார்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.'

குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் அவகாசம் உண்டு. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. 'பில் வேண்டாமென்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம்' என்ற பேச்சுக்கு மட்டும் மயங்கிவிடக் கூடாது. நாளை வழக்கென்று வந்தால் கையில் இருக்க வேண்டிய முதல் சான்றே அந்த பில்தான்.

ஆனால் ஒரு புள்ளி 'குறை' ஆகுமா? சிக்கல் இங்கேதான். 1920×1080 திரையில் 20,73,600 பிக்சல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப் புள்ளிகள். பழைய ஐஎஸ்ஓ 13406-2 தரநிலையின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் ஒளிர்பவை இரண்டு, எப்போதும் இருண்டவை இரண்டு வரை அனுமதித்தது. இப்போது அதன் இடத்தில் ஐஎஸ்ஓ 9241-307 இருக்கிறது. வாரன்ட்டி விதியோ நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டெல்லின் அல்ட்ராஷார்ப் வரிசையில் ஒரே ஒரு ஒளிப்புள்ளி இருந்தாலும் மாற்றித் தருகிறார்கள். வேறு சிலர் நான்கைந்து வரை பொறுத்துக்கொள்ளச் சொல்வார்கள். சட்டத்தில் 'குறை' என்பதன் வரையறை, விற்பவர் சொன்ன தரத்தில் பொருள் இல்லாததையும் உள்ளடக்கியது. ஆகவே 'ஒரு புள்ளிகூட இருக்காது சார்' என்று கடைக்காரர் சொன்னால், அதை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பித் தரும் உரிமை சட்டத்தில் இல்லை. கடையோ தளமோ தானாகக் கொடுத்தால்தான் உண்டு. தேர்விலேயே கவனம் வேண்டும் என்பது இதனால்தான். 27 இன்ச் மானிட்டரை முழு எச்டியில் (1920×1080) வாங்கினால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 82 பிக்சல்தான். நாள் முழுக்க எழுத்தைப் பார்ப்பவருக்கு அது சொரசொரப்பாகத் தெரியும். அதே அளவில் 2560×1440 என்றால் 109 பிக்சல் கிடைக்கும்.

பெட்டி மேல் இருக்கும் சொற்களையும் அப்படியே நம்ப முடியாது. 'எச்டிஆர் ஆதரவு' என்றால் அந்த சிக்னலை ஏற்கும் என்பதே பொருள். வெளிச்சத்துக்கு அது உத்தரவாதமல்ல. வேசா அமைப்பின் டிஸ்ப்ளே எச்டிஆர் 400 சான்றிதழுக்கே 400 நிட்ஸ் உச்ச வெளிச்சம் வேண்டும். 2021-இல் 'எச்டிஎம்ஐ 2.1' என்று விற்கப்பட்ட ஒரு மானிட்டர், பழைய 2.0-இன் வேகத்தையே தந்தது. புதிய வசதிகள் எல்லாம் கட்டாயமில்லை என்று எச்டிஎம்ஐ உரிம அமைப்பே அப்போது விளக்கம் சொன்னது. வாங்குபவரைக் குழப்பும் ஏற்பாடு இது; பெயரை விட்டுவிட்டு, எந்தத் தெளிவில் எத்தனை ஹெர்ட்ஸ் என்றே கேட்க வேண்டும். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

பெட்டியைப் பிரிக்கும்போது இடைவெளியில்லாமல் வீடியோ எடுங்கள். பின்புற ஸ்டிக்கரில் பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்' எனத் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைச் சரிபார்க்கலாம். சீரியல் எண்ணை நிறுவனத்தின் வாரன்ட்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள்: வாங்கிய நாளுக்கு மாதக்கணக்கில் முன்பே வாரன்ட்டி தொடங்கியிருந்தால், பழைய சரக்கா, பயன்படுத்தியதா என்று கேட்டே ஆக வேண்டும். பிறகு கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என முழுத்திரை நிறங்களை ஓடவிட்டால் புள்ளிகள் ஒளிந்துகொள்ள முடியாது.

குறை இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். இணைய விற்பனைத் தளமென்றால் அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, வழக்கறிஞர் இல்லாமலே மனுச் செய்யலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வீட்டிலிருந்து சுயதொழிலாக டிசைன் செய்து பிழைப்பவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர்தான். மனுச் செய்யக் கெடு 2 ஆண்டுகள். அதுவரை பில், வீடியோ, புகார்க் கடிதம் மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.