விலைக்கு வந்த பழைய மோட்டார்

பழைய மோட்டார் வண்டிக்கு விலை கூறுவது பழைய வீட்டுக்கு விலை கூறுவது போன்றதன்று. சுவர் இடிந்தாலும் வீடு நிற்கும் நிலத்துக்கு மதிப்பு ஏறிக்கொண்டே போகும், வண்டிக்கோ நிலமில்லை. பதினைந்து ஆண்டு கடந்தால் அது பழைய இரும்பு. ஐம்பது ஆண்டும் கடந்துவிட்டால், தக்கவர் கண்ணில் பட, அரும்பொருள். இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டும் மழையும் துருவும் எலியும் அணுகாமல் எவரோ ஒருவர் அதனைக் காத்து நிற்க வேண்டும். அவ்வாறு காத்தவருக்கு உரியது என்ன? இவ்வினா நம் மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரு குடும்பத்தின் வாயிலில் இன்று வந்து நிற்கின்றது. ஆதலின் இதனை எழுத நேர்ந்தது.

பழைய ஆடம்பர வண்டி என்றவுடன் அன்பர்கள் மன்னர்களையே நினைப்பர். அது தவறன்று. ரோல்ஸ் ராய்ஸ் என்னும் பெயர் இந்நாட்டில் வேரூன்றியதே பம்பாயில்தான். 1908-ஆம் ஆண்டு ‘கிழக்கின் முத்து’ எனப் பெயர் சூட்டப்பெற்ற வண்டியொன்று பம்பாய்க்கும் கோலாப்பூருக்கும் இடையே மலைக் கணவாய்களை ஏறியிறங்கி 620 மைல் ஓடிக் காட்டிற்று. குவாலியர் மன்னர் அதனை விலைக்கு வாங்கினார். பின்னர் சமஸ்தானங்கள் போட்டியிட்டு வாங்கின. சமஸ்தானங்கள் மறைந்து, 1971-இல் மன்னர் மானியமும் ஒழிந்தபோது, கொட்டகையில் நின்றவை ஒவ்வொன்றாக அயல்நாடு சென்றன. அளவு கடந்த இவ்வெளியேற்றத்தைக் கண்ட அரசினர் 1972-இல் பழம்பெரும் வண்டிகளை ஏற்றுமதி செய்வதைத் தடுத்தனர். அதற்குள் போனவை போனவையே. ராஜ்கோட் மன்னருக்காக 1934-இல் உருவான ‘இந்திய நட்சத்திரம்’ என்னும் ரோல்ஸ் ராய்ஸும் அவ்வாறு கடல் கடந்ததே. 2010-இல் மொனாக்கோ நாட்டில் அது ஏலத்துக்கு வந்தபோது அம்மன்னரின் குடும்பத்தினரே ஏலங்கேட்டு அதனை மீட்டனர். தம் குடும்பத்து வண்டியைத் தாமே பணங்கொடுத்து வாங்கவேண்டிய நிலை!

நாம் பேசவந்த வண்டி மன்னருடையதன்று. நமக்கு அண்டையிலேயே பிறந்தது. வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், சயானைத் தாண்டிக் குர்லாவில் ஆலை அமைத்தது. அமெரிக்கக் கிரைஸ்லர் நிறுவனத்தாரோடு உடன்பாடு செய்துகொண்டு டாட்ஜ், டிசோட்டோ, பிளிமத் ஆகிய வண்டிகளை அங்கே பூட்டி வெளியிட்டது. அந்நாளில் அவை செல்வர் வீட்டு வண்டிகள். பின்னர் அதே ஆலையில் பிறந்த பியட்டும் பத்மினியும் டாக்சியாகி ஊரெங்கும் ஓடின. கடைசிப் பத்மினி டாக்சிக்கு 2023 அக்டோபரில் இருபதாண்டு வரம்பு முடிந்தபோது நாளிதழ்கள் எல்லாம் இரங்கல் எழுதின. மூத்த உடன்பிறப்பான டாட்ஜை நினைத்தவர் சிலரே.

நம் கேம்பில் வாழும் முதியவர் ஒருவர் உளர். திருநெல்வேலிச் சீமையினர், அண்ணாச்சி என்றே நாங்கள் அழைப்போம். இருபத்திரண்டு வயதில் பம்பாய் வந்தவர், தண்டவாளத்துக்கு அப்பால், ஐந்து தோட்டங்கள் பகுதியில் ஒரு பார்சி இல்லத்தில் டிரைவராக அமர்ந்தார். முப்பத்து நான்கு ஆண்டு அங்கேயே உழைத்தார். அவ்வீட்டுத் தந்தையார் 1951-இல் வாங்கிய டாட்ஜ் கிங்ஸ்வே வண்டிதான் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டது. முதலாளி காலமான பின்பு அம்மையார், “இவ்வளவு காலம் உழைத்தாய், வண்டி உனக்கே” என்று சாவியைக் கொடுத்துவிட்டார். தனி வீட்டு ஓட்டுநருக்குப் பணிக்கொடைச் சட்டம் எட்டுவதில்லை; பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கே அது பொருந்தும். ஆதலின் அச்சாவியே அண்ணாச்சியின் பணிக்கொடை, ஓய்வூதியம் எல்லாம்.

இப்பொழுது அக்கட்டடம் இடித்துக் கட்டப்படவிருக்கிறது. கொட்டகையை ஒழித்துத் தரவேண்டும். கேம்பின் சந்துகளில் இரு சக்கர வண்டியை நிறுத்தவே இடமில்லை; பதினாறு அடி டாட்ஜை எங்கே நிறுத்துவது? விற்பதென்று முடிவாயிற்று. செய்தி பரவி, பழைய வண்டி ஆர்வலர் மூவர் ஒரு ஞாயிறு காலையில் வந்தனர். கடிதங்கள் எழுதித் தருபவன் என்ற முறையில் அண்ணாச்சி என்னையும் உடனழைத்திருந்தார்.

அவர்கள் பேசிய பேச்சு கேட்கத்தக்கது. முதலாமவர் வண்டியின் அழகைப் பார்க்கவேயில்லை. நேராகக் குனிந்து, சேஸிஸில் பொறித்த எண்ணைத் துணியால் துடைத்து, எஞ்சினில் உள்ள எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தையும் ஒப்பிட்டார். எண்கள் ஒன்றுபட்டால் பாதி விலை. ஒன்றுபடாவிட்டால் பேச்சே இல்லை என்றார். புதுப்பேட்டையிலும் சோர் பஜாரிலும் உறுப்புகளைத் தேடிப் பிடித்து, மூன்று வண்டிகளை ஒன்றாக்கி விற்போர் உண்டாம். இங்கே எண்கள் ஒன்றுபட்டன.

இரண்டாமவர் சட்டைப்பையிலிருந்து சிறு காந்தத்தை எடுத்தார். கதவின் அடிப்பகுதி, மட்கார்டு, படி என்று ஒவ்வோரிடமும் ஒட்டிப் பார்த்தார். இரும்புத் தகட்டில் காந்தம் பற்றும். துருவை மறைக்க லப்பம் பூசிய இடத்தில் வழுக்கி விழும். கடற்காற்று வீசும் இவ்வூரில் அடித்தகடு அரிக்காத வண்டி அரிது. இரண்டிடத்தில் காந்தம் விழுந்தது. “ஆம், 1993-இல் நான்தான் பூசச் செய்தேன்” என்று கேட்பதற்கு முன்பே அண்ணாச்சி சொல்லிவிட்டார். வந்தவருக்கு அதன் பின்னரே அவர்மீது மதிப்பு உண்டானதைக் கண்டேன்.

அண்ணாச்சி எஞ்சினை இயக்கினார். ஆறு உருளை, வால்வுகள் பக்கவாட்டில் அமைந்த பழைய முறை, ஏறத்தாழ மூன்றரை லிட்டருக்குச் சற்று மேல். மின்சாரம் ஆறு வோல்ட்டுதான். அதுவும் நாம் இன்று காணும் வண்டிகளுக்கு மாறாக, நேர்முனையை உடலோடு இணைத்தது. தெரியாமல் மாற்றி இணைத்து மின்னாக்கியைக் கெடுத்த மெக்கானிக்குகள் பலர் என்றார் அண்ணாச்சி. புகை நிறமற்று வந்தது. நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்றும், கீழே ஆழ்ந்த தட்டொலி கேட்டால் பேரிங்கின் வெள்ளை உலோகம் தேய்ந்தது என்றும் பொருளாம். அவ்வுலோகத்தை உருக்கி வார்க்கத் தெரிந்த மிஸ்திரிகள் இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவரே.

முகப்பைச் சுட்டி மூன்றாமவர் நகைத்தார். பெயர் டாட்ஜ், உடலோ பிளிமத்! ஏற்றுமதி நாடுகளுக்கென்றே பிளிமத்தின் உடலில் டாட்ஜின் முகப்பைப் பூட்டி அனுப்பிய வகைதான் கிங்ஸ்வே. அமெரிக்க ஆர்வலர் சிலர் இதனைக் கலப்பினம் என்று இகழ்வராம். இந்நாட்டில் ஓடிய வண்டிக்கு அதுவே உண்மைத் தோற்றம் அன்றோ?

பின்னர் வண்ணத்தைப் பற்றி வழக்கு எழுந்தது. மங்கிப்போன பழைய சாம்பல் நிறத்தை முற்றும் சுரண்டி, கண்ணாடிபோல் புது வண்ணம் பூசித் திருமணங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்றார் மூன்றாமவர். முதலாமவர் சினந்தார். புது வண்ணம் எப்பொழுது வேண்டுமானாலும் பூசலாம், முதல் வண்ணம் ஒருமுறைதான் வரும் என்பது அவர் கட்சி. எனக்கு அவர் கூற்றே சரியெனப்பட்டது. சட்டமும் திருமண வாடகைக்கு இடந்தரவில்லை. 2021 ஜூலையில் நடுவணரசு வெளியிட்ட விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்து, பெரிய மாற்றமின்றி மூல வடிவில் உள்ள வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதியலாம். ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் கொண்ட எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு ரூ. 20,000, பத்தாண்டு கழித்து மறுபதிவுக்கு ரூ. 5,000. ஆனால் அவ்வெண் பெற்ற வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாணிகத்துக்கோ ஓட்டலாகாது. கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்த்தல், பெட்ரோல் நிரப்புதல் போன்றவற்றுக்கே சாலையில் இறக்கலாம். (பெட்ரோலும் இன்று பழைய பெட்ரோல் அன்று. இருபது விழுக்காடு எத்தனால் கலந்தது, பழைய இரப்பர்க் குழாய்களை மெல்ல அரிக்கும். அண்ணாச்சி அவற்றை முன்பே மாற்றிவிட்டார்.)

விலை பேசினர். முதலாமவர் நான்கு இலட்சம் என்றார். அண்ணாச்சியின் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் மகனின் கல்லூரிக் கட்டணம் அப்பார்வையில் இருந்தது. அப்பொழுதுதான் அவர் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டி, “இதில் உங்கள் பெயர் இல்லையே” என்றார்.

இல்லை. காலமான முதலாளியின் பெயரே உள்ளது. அசையும் பொருளைக் கையளித்தாலே கொடை செல்லும் என்பது சட்டந்தான், எழுத்து வேண்டுவதில்லை. ஆயினும் அம்மையார் கொடுத்தது முழுதும் அவருடையதா? பார்சி வாரிசு முறையில், உயில் இல்லாதபோது, மனைவிக்கும் மகனுக்கும் சம பங்கு. மகன் வெளிநாட்டில் இருக்கிறார். அம்மையாரும் இரண்டாண்டுக்கு முன் மறைந்தார். இனி வாரிசு என்ற முறையில் மகன் 31-ஆம் படிவத்தில் தம் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும். அதன் பின் 29, 30 ஆகிய படிவங்களில் கையெழுத்திட்டால்தான் வண்டி அண்ணாச்சியின் பெயருக்கு வரும். அவர் பெயருக்கு வந்த பின்னரே வாங்குபவர் பெயருக்குப் போகும். சாவி பெற்ற அன்றே ஒரு தாளில் இரு கையெழுத்து வாங்கியிருந்தால் எவ்வளவோ எளிது. “வாய்ச்சொல் போதாதோ தம்பி? அந்த அம்மா பொய் சொல்லமாட்டாங்களே” என்றார் அண்ணாச்சி. அவர்மேல் எனக்குக் குறை கூற மனம் வரவில்லை. முப்பத்து நான்கு ஆண்டு ஒரு வீட்டில் பழகியவர், சாவி தந்த கையிடம் தாள் கேட்பது எங்ஙனம்?

மூன்றாமவர் ஒரு வழி கூறினார். தாளெல்லாம் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். இப்பொழுதே ஒன்றரை இலட்சம் ரொக்கம். வண்டியைத் தம் கொட்டகைக்கு இழுத்துச் செல்வதாகச் சொன்னார். முதலாமவர் அதனைக் கேட்டு வாய்திறவாமல் வெளியே நடந்தார். கொட்டகையை ஒழிக்கும் நாள் நெருங்குவது எல்லோருக்கும் தெரியும்.

நான் மகனுக்குக் கடிதம் எழுதினேன். பணி செய்த ஆண்டுகளையும், அம்மையார் சாவி கொடுத்த நாளையும், படிவ எண்களையும் குறித்து, கையெழுத்திட வேண்டிய இடங்களில் பென்சிலால் கோடிட்டு அனுப்பியிருக்கிறேன். மூன்று வாரம் ஆகிறது. கட்டடத்தாரிடம் மாத இறுதிவரை தவணை கேட்டிருக்கிறோம். அதற்குள் எவரும் வண்டியை நகர்த்தாதிருக்க, அண்ணாச்சி டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து உள்ளே சுழலும் சிறு ரோட்டரைக் கழற்றி, வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அருகே வைத்திருக்கிறார்.