காக்கும் ஆற்றலே கேடாகும் நுரையீரல் நோய்

பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபணுக் குறையால் விளைவது 'சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்'. 1989-இல் கண்டறியப்பட்ட அம்மரபணு பழுதுற்றால், உயிரணுக்களில் குளோரைடின் போக்குவரவு தடைப்பட்டு, நுரையீரல் சளி கெட்டியாகிறது. அதில் 'சூடோமோனாஸ்' பாக்டீரியாக்கள் பசைபோன்ற உறையைச் சுரந்து நிலைகொள்கின்றன. அவற்றை அழிக்கத் திரளும் வெள்ளணுக்கள் உமிழும் 'எலாஸ்டேஸ்' என்னும் நொதி, நுரையீரல் திசுவையே அரிக்கிறது. உறைக்குள்ளிருக்கும் கிருமிகளோ எளிதில் மடிவதில்லை.

இந்நோய் இந்தியரிடையே இல்லையென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆதலின், இதனைக் காசநோயென்றோ ஆஸ்துமாவென்றோ பிறழக் கொள்வதுண்டு. வியர்வையிலுள்ள குளோரைடை அளக்கும் சோதனை உண்மையை உணர்த்தும். கிருமி வேரூன்றுமுன் கண்டறிந்தால், மருந்தால் அதனைப் பெரும்பாலும் அகற்றலாம். வேரூன்றியபின் அது அரிது. எனவே, குழந்தைகளுக்கு இச்சோதனை காலத்தே கிட்டச் செய்வது சுகாதாரத் துறையின் கடமையாகும்.