கடை திறந்திருக்கிறதா?

வீட்டிலிருந்தபடியே ஊறுகாய், சாம்பார்ப் பொடி, அப்பளம், புடவை என்று விற்பனை செய்யும் சகோதரிகள் பலர் இன்று சொந்தமாக ஓர் இணையதளம் வைத்திருக்கிறார்கள். கடை வாடகை இல்லை. மயிலாப்பூரில் இருந்துகொண்டே மும்பைக்குச் சரக்கு அனுப்பலாம். சந்தோஷமான விஷயந்தான். ஆனால் இந்தக் கடையில் ஒரு சங்கடம் உண்டு.

கடைத்தெருவில் ஒருவர் முகம் சுளித்துக்கொண்டு திரும்பினால் நம் கண்ணுக்குத் தெரியும். கூப்பிட்டுக் காரணம் கேட்கலாம். இணையதளத்துக்கு வந்தவர் போன சுவடே தெரியாது. "இந்த மாதம் ஏனோ வியாபாரம் மந்தம்" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அங்கேயோ பணம் கட்டும் பொத்தான் பத்து நாளாக வேலை செய்யாமல் கிடக்கும்! ஆகையால், மாதம் ஒரு முறை ஒட்டடை அடிப்பது போல, தளத்தையும் நாமே சோதித்துப் பார்ப்பது அவசியம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

முதலில், வாடிக்கைக்காரராகவே மாறிவிடுங்கள். உங்கள் செல்போனில் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். தினமும் பார்க்கும் படங்களை அது சேமித்து வைத்திருக்கும். ஆகவே தளம் வேகமாகத் திறப்பது போலத் தோன்றும். வேறொருவருடைய சாதாரணப் போனை வாங்கி, வீட்டு வைஃபை இல்லாமல் திறந்து பாருங்கள். எழுத்து படிக்க முடிகிறதா? விலை தெரிகிறதா? பொத்தான்கள் விரலுக்கு அகப்படுகின்றனவா?

அடுத்தது வேகம். கூகுள் நிறுவனத்தின் 'பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்' என்ற சோதனைக்குக் காசு கிடையாது. தளத்தின் முகவரியைக் கொடுத்தால், போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாக நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டுவிடும். 90க்கு மேல் என்றால் பேஷ். 50க்குக் கீழே என்றால் கவனிக்க வேண்டும். அதிலே மூன்று கணக்குகள் முக்கியம். பக்கத்தின் பிரதானப் படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் பதில் வர வேண்டும். இந்தக் கணக்கு 2024 மார்ச்சில் சேர்ந்தது. மூன்றாவது, படிக்கும்போதே பக்கம் இடம் பெயர்ந்து குதிக்கக் கூடாது. அந்த அளவு 0.1க்குள் இருக்க வேண்டும். 'வேண்டாம்' என்பதைத் தொடப் போனவர் 'வாங்கு' என்பதைத் தொட்டுவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

மார்க் குறைந்தால் மனம் தளராதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி படங்களே! போனில் எடுத்த ஒரு புகைப்படம் பல மெகாபைட் கனம் இருக்கும். அதை அப்படியே ஏற்றுவது, ஒரு கிலோ அரிசி வாங்கப் போனவரிடம் மூட்டையைத் தூக்கிக் கொடுப்பது போலத்தான். படத்தைத் தேவையான அளவுக்குச் சுருக்கி, 'வெப்பி' போன்ற இலகுவான வகைக்கு மாற்றினால், அழகு குறையாமலே கனம் வெகுவாகக் குறையும்.

மூன்றாவதாக, நீங்களே ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். இருப்பதிலேயே மலிவான சரக்கு போதும். பணம் போய்ச் சேர்ந்ததா? ரசீது வந்ததா? ஆர்டர் வந்த செய்தி உங்களுக்குக் கிடைத்ததா? தீர்ந்துபோன சரக்கு இன்னும் விற்பனைக்கு என்று காட்டுகிறதா? எவ்வளவு வேகமான தளமானாலும் இதில் தவறினால் பயன் இல்லை.

நான்காவது, நம்பிக்கை. தளத்தின் முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்க வேண்டும். அப்படி இல்லாத தளங்களை 2018 ஜூலையிலிருந்து குரோம் 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது. பணம் கட்ட வந்தவர் அதைப் பார்த்தால் கையை இழுத்துக்கொள்ள மாட்டாரா? இதற்கான சான்றிதழை 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது. இந்திய அரசின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் உண்டு. விற்பவர் பெயர், விலாசம், தொடர்பு விவரம், திருப்பித் தரும் நிபந்தனை ஆகியவை வாங்குபவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். தின்பண்டம் விற்பவர்கள் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். உங்கள் தளத்தின் முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? தளம் அமைத்துக் கொடுத்த பிள்ளையின் பெயரிலா, உங்கள் பெயரிலா? அந்தப் பதிவைக் குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். தவறினால் கடை மூடிவிடும்; நாளடைவில் வேறொருவர் அந்த முகவரியை வாங்கிக்கொள்ளவும் கூடும். வருஷக்கணக்காகச் சேர்த்த வாடிக்கைக்காரர்கள் வந்து தட்டும் கதவு அது. புதுப்பிக்க வேண்டிய தேதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே இன்று குறித்து வைத்துவிடுங்கள். கேட்க வெட்கம் எதற்கு? கடை உங்களுடையதல்லவா!