மீன் கழிவில் இருந்து புரதம்

மீனைச் சுத்தம் செய்து சதையை மட்டும் எடுத்தால், எடையில் ஏறக்குறைய பாதி தலை, முள், தோல், குடல் எனக் கழிவாகிறது. இக்கழிவில் நூற்றுக்குச் சுமார் 15 பங்கு புரதம் உள்ளது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஆலைகளுக்கு நடுவே அரைக் காணியில் கீரை, கத்தரி பயிரிட்டுக் கோழியும் வளர்க்கும் சிறு விவசாயிகள், பக்கத்து மீன் கடைக் கழிவை வீணாக்காமல் பயன்படுத்தலாம்.

நொதியின் வேலை

கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுவது நம் வீட்டுப் பழக்கம். பப்பாளிப் பாலிலுள்ள 'பப்பைன்' என்னும் நொதி (என்சைம்) புரதத்தைத் துண்டாக்கி மிருதுவாக்குகிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.5 பப்பாளி, இந்தப் பாலுக்காகவே உருவாக்கப்பட்ட ரகம்.

தொழிற்சாலைகளில் அரைத்த மீன் கழிவுடன் நீரும் நொதியும் சேர்த்து, சுமார் 50 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் சில மணி நேரம் வைக்கின்றனர். புரதம் கரைந்து நீரில் இறங்குகிறது. பிறகு சூட்டை உயர்த்தி நொதியின் செயலை நிறுத்தி, முள்ளையும் எண்ணெயையும் பிரித்து, கரைசலை உலர்த்துகின்றனர். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், மீன் கழிவைப் பக்குவப்படுத்தி, குளங்களுக்கு 'பிளாங்க்டன் பிளஸ்', தோட்டப் பயிர்களுக்கு 'ஹார்ட்டி பிளஸ்' என இரு பொருள்களை உருவாக்கியுள்ளது.

வீட்டில் செய்யும் முறை

நாம் நொதியை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. மீன் குடலிலேயே அது உள்ளது. ஆகவே குடலை நீக்கக் கூடாது. கழிவை வேக வைக்கவும் கூடாது. வெந்தால் நொதி செயலிழந்துவிடும்.

அன்றைய கழிவு 10 கிலோவைப் பொடியாக நறுக்கிப் பிளாஸ்டிக் வாளியில் இட்டு, 85 சத ஃபார்மிக் அமிலம் 300 மில்லி கலக்கவும். ரப்பர் பாலை உறைய வைக்கும் அமிலம்தான் இது. அமிலம் அழுகலைத் தடுக்கும். நொதி தன் வேலையைச் செய்யும். தினம் பல முறை கிளறினால் சில நாட்களில் கழிவு கூழாகும். கார அமில நிலை 4க்கு மேல் போகாமல் பி.எச். தாள் கொண்டு பார்த்துக்கொள்ளவும். அமிலம் தோலைப் பொசுக்கும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். இரும்புப் பாத்திரம் ஆகாது.

எதற்குப் பயன்படுத்துவது?

ஒரு கணக்குப் பார்ப்போம். 10 கிலோ கழிவில் உள்ள புரதம் ஒன்றரைக் கிலோ. அதிலுள்ள தழைச்சத்து 240 கிராம். அரைக் கிலோ யூரியாவுக்குச் சற்றே அதிகம். உரமாகப் பார்த்தால் லாபம் சொற்பம். தீவனமாகப் பார்த்தால், அதே புரதம் சுமார் மூன்றே கால் கிலோ கடலைப் பிண்ணாக்கிலுள்ள புரதத்துக்கு ஈடு. ஆகவே கோழிக்கும் வளர்ப்பு மீனுக்கும் கொடுப்பதே முதல் பயன். மேலே மிதக்கும் எண்ணெயை எடுத்துவிட்டு, கூழைத் தவிட்டில் பிசைந்து வெயிலில் உலர்த்தி, தீவனத்தில் சிறிதளவு சேர்க்கவும். அளவு மீறினால் முட்டையிலும் கறியிலும் மீன் வாடை வரும். கறவை மாட்டுக்குக் கொடுக்க வேண்டாம்.

பயிருக்குத் தெளிக்க விரும்புவோர், அமிலத்துக்குப் பதில் கழிவின் எடைக்குச் சமமாக வெல்லம் கலந்து, மூன்று வாரம் மூடி வைத்து, வடிகட்டி, லிட்டர் நீருக்கு 5 முதல் 10 மில்லி வீதம் மாலையில் தெளிக்கலாம். இதை நம்பி அடியுரத்தைக் குறைக்க வேண்டாம். வெல்லத்தின் விலையையும் கணக்கில் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வது நல்லது.