வண்ணக் கடல் நத்தைகளை இனங்காணும் முறை

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கி 1986-ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. இத்தகைய பவளப்பாறைகளில் ஓடற்ற, வண்ணமிகு கடல் நத்தைகள் பல வாழ்கின்றன. ஓர் இடத்தின் உயிர்வளத்தைக் கணக்கிட, அவற்றைப் பிழையின்றி இனங்காணுதல் இன்றியமையாததாகும்.

முதலில் உடலமைப்பை நோக்க வேண்டும். தலைமேல் இரு உணர்கொம்புகள் இருக்கும். முதுகின் பின்புறம் செவுள்கள் பூங்கொத்துப்போல் விரிந்திருந்தால் அது டோரிட் வகை. முதுகெங்கும் விரல் போன்ற நீட்சிகள் நிறைந்திருந்தால் அது ஏயோலிட் வகை. உணர்கொம்போ செவுளோ இன்றித் தாள்போல் மெல்லியதாயின், அது பெரும்பாலும் தட்டைப்புழுவேயாகும்.

நிறம் அடுத்த சான்றே. அதை மட்டும் நம்பலாகாது. பில்லிடியா வேரிகோசா, பில்லிடியா சிலஸ்டிஸ் ஆகிய இரண்டும் கருமை, நீலம், மஞ்சள் நிறங்களுடன் ஒத்துத் தோன்றும். ஆயினும் முன்னதன் பாதத்தின் அடிப்புறத்தில் ஒரு கருங்கோடு உண்டு. பின்னதில் அது இல்லை. எனவே முதுகுப்புறப் படம் மட்டும் போதாது.

சாராயத்தில் பதப்படுத்தினால் நிறம் மங்கிவிடும். ஆதலின் உயிருடன் இருக்கும்போதே படம்பிடித்து, நீளம், ஆழம், இரை ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். வால்டர் எலியட் விசாகப்பட்டினக் கடற்கரையில் திரட்டிய நத்தைகளை ஆல்டரும் ஹான்காக்கும் 1864-இல் விவரித்தபோது, உயிருள்ள நிலையில் வரையப்பட்ட வண்ணப்படங்களே பெரிதும் துணைநின்றன.

ஐயம் எழுமிடத்து நாக்கிலுள்ள நுண்பற்களும் மரபணு ஆய்வுமே முடிவு கூறும். தேசியப் பூங்காவில் அனுமதியின்றி உயிரினங்களைச் சேகரித்தல் குற்றம் என்பதை மாணவர் மறத்தலாகாது.