நாய் யாருடையது என்பதற்கு என்ன சாட்சி?

வளர்ப்பு நாயைத் திருடுகிறவன் முதலில் செய்கிற வேலை, கழுத்துப்பட்டையை அவிழ்த்து எறிவதுதான். பெயர் பொறித்த வில்லையும் அதில் இருந்த செல்போன் எண்ணும் அதோடு போய்விடும். அதன்பிறகு உங்கள் லாப்ரடாரும் அடுத்த தெரு லாப்ரடாரும் பார்வைக்கு ஒன்றுதான். குட்டியாக இருந்தபோது எடுத்த படம் ஆறு மாதத்தில் அடையாளம் காட்டாது. கூப்பிட்டால் ஓடி வருகிறதே என்பார்கள். நாலு நாள் சோறு போட்டவன் கூப்பிட்டாலும் அது ஓடி வரும்.

சட்டத்தில் குறை இல்லை. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் திருட்டை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்றே நாய்தான். பிறருடைய நாயைக் கவரும் எண்ணத்தோடு ஒருவன் சட்டைப்பையில் தீனி வைத்திருக்கிறான். நாய் அவன் பின்னால் நடக்கத் தொடங்கியதுமே அது திருட்டாகிவிடுகிறது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 303ஆம் பிரிவில் இந்த உதாரணத்தை அப்படியே வைத்திருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் காவல் நிலையத்தில் இரண்டு பேர் ஒரே நாயை ‘என்னுடையது’ என்று சொல்லும்போது, சட்டத்துக்கு முன்னால் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி நாயின் உடம்பிலேயே இருப்பதுதான் நல்லது.

இந்தத் தேவையை உலகுக்கு உரக்கச் சொன்னது ஒரு டால்மேஷன். 1965இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணை வீட்டிலிருந்து பெப்பர் என்ற நாய் காணாமல் போனது. வியாபாரிகள் கைமாறி நியூயார்க் மருத்துவமனை ஒன்றின் ஆய்வுக்கூடத்துக்குப் போய், அங்கேயே இறந்தது. குடும்பத்தாருக்கு உண்மை தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் கொதிப்பில்தான் 1966இல் ஆய்வக விலங்குகள் நலச் சட்டம் அங்கே வந்தது. நாயின் உள்தொடையில் எண்ணைப் பச்சை குத்தும் வழக்கமும் பரவியது. பச்சைக்கு ஒரு நன்மை உண்டு: கருவியில்லாமல் எவரும் பார்க்கலாம். ஆனால் மயிர் மூடும், மை மங்கும். காதில் குத்தினால் இன்னும் ஆபத்து. அடையாளத்தை மறைக்கப் பந்தய கிரேஹவுண்டுகளைக் காதறுத்து வீசிய கொடுமைகள் அயர்லாந்திலும் பிரிட்டனிலும் நடந்திருக்கின்றன.

இன்று உலகம் நம்புவது மைக்ரோசிப்பை. அரிசிமணியைவிடச் சற்றே பெரிய கண்ணாடிக் குழல். நீளம் சுமார் 12 மில்லிமீட்டர். கால்நடை மருத்துவர் அதை ஊசிமூலம் இரு தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் செலுத்துவார். தடுப்பூசியைவிடக் கொஞ்சம் தடித்த ஊசி. மயக்க மருந்து தேவையில்லை. அதில் பேட்டரி கிடையாது. ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுவந்தால் அது அனுப்பும் அலையின் ஆற்றலிலேயே சிப் விழித்து, 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சிப் இருந்தால் நாய் எங்கே இருக்கிறது என்று போனில் பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது, அது ஜிபிஎஸ் அல்ல. உங்கள் பெயரும் முகவரியும்கூட அதற்குள் இல்லை. எண் ஒரு பதிவேட்டில் உங்கள் பெயரோடு சேர்ந்தால்தான் அதற்கு உயிர். சிப் போட்ட அன்றே பதிவு நடந்ததா என்று கேட்டு, ரசீதில் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வீடு மாறினாலும் சிம் மாற்றினாலும் பதிவேட்டிலும் மாற்றுங்கள். நம் நாட்டில் மாநகராட்சியிடம் ஒரு பதிவு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கெனல் கிளப் ஆஃப் இந்தியாவிடம் ஒன்று, சிப் நிறுவனத்திடம் ஒன்று என்று தகவல் சிதறிக் கிடக்கிறது. ஒன்றில் திருத்தினால் மற்றதிலும் மாறிவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

பிரிட்டனில் 2016 ஏப்ரலிலிருந்து எட்டு வாரம் ஆன எல்லா நாய்களுக்கும் சிப் கட்டாயம். சென்னை மாநகராட்சியும் 2025இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு சிப்பையும் கட்டாயமாக்கியது. அலைச்சல் என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு அது நாய்க்குச் செய்யும் பெரிய உபகாரமாகவே படுகிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வளர்க்கிறவர்கள் நம் ஊர் நாய்க்கு இதெல்லாம் எதற்கு என்று இருந்துவிட வேண்டாம். நல்ல விலை கிடைக்கும் நாய்மீது கண் வைக்க ஆள் இருக்கவே செய்வான்.

சிப் வந்துவிட்டது என்பதற்காகக் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடாதீர்கள். தீபாவளி வெடிக்கு மிரண்டு ஓடிய நாயைக் கண்டெடுக்கிற நல்ல மனிதர் கையில் ஸ்கேனர் இருக்காது. வில்லையில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்.

நாய் காணாமல் போனால் அன்றைக்கே புகார் கொடுங்கள். சிப் எண்ணைப் புகாரில் எழுதுங்கள். சுற்றுவட்டாரக் கால்நடை மருத்துவமனைகளுக்கும் காப்பகங்களுக்கும் அதையே கொடுத்துவையுங்கள். சந்தேகமான நாய் கிடைத்தால் முதுகோடு நிறுத்தாமல் தோள், முன்னங்கால் வரை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சிப் சில சமயம் நகர்ந்திருக்கும்.

வளர்ந்த நாயை விலைக்கு வாங்குகிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பணம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கூட்டிப்போய் ஸ்கேன் செய்து பாருங்கள். எண் வந்தால், விற்கிறவர் பெயரில்தான் பதிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஸ்கேன் எதற்கு என்று அவர் தட்டிக் கழித்தால், நாய் எவ்வளவு பிடித்திருந்தாலும் வாங்காதீர்கள்.