ஜன்னலைச் சாத்தாதீங்க! வாசனை இல்லாமல் வீட்டுக்குள் நுழையும் 'ரேடான்'

தூத்துக்குடியில் பொழுது சாய்ந்தால் போதும். "கொசு வருது, ஜன்னலைச் சாத்து" என்று வீட்டுக்கு வீடு குரல் கேட்கும். ஏ.சி. போட்ட அறைகளில் பகலிலும் ஜன்னல் திறப்பது இல்லை. அப்படி அடைத்த அறைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஆசாமி ஒருவன் குடியேறி விடுகிறான். அவன் பெயர் ரேடான்!

இது ஒரு வாயு. நிறம் கிடையாது. வாசனை கிடையாது. மண்ணிலும் கல்லிலும் உள்ள சொற்ப யுரேனியம் சிதைந்து ரேடியம் ஆகிறது. ரேடியத்தில் இருந்து ரேடான் பிறக்கிறது. தரை வெடிப்பு, சுவர் இடுக்கு வழியாக உள்ளே வரும். வெட்டவெளியில் காற்றோடு போய்விடும். பூட்டிய அறையில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

மேண்டில் ரகசியம்

தென்கடலோரத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற தாது இருப்பதை 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். அதில் இருப்பது தோரியம். அந்தக் காலத்துப் பெட்ரோமாக்ஸ் மேண்டிலுக்குப் பளிச்சென்ற வெளிச்சம் தந்தது இதுதான்! தூத்துக்குடி கரையிலும் தாது மணல் உண்டு. 2013-ல் அதை அள்ள அரசு தடை போட்டது ஊரறிந்த சங்கதி.

தோரியத்தில் இருந்து வருவது ரேடானின் தம்பி 'தோரான்'. அது ஒரு நிமிடத்துக்குள் பாதியாகிவிடும். அண்ணன் பாதியாகக் குறையவோ சுமார் 4 நாள் ஆகும்.

நுரையீரலுக்கு ஆபத்து

ரேடான் சிதைந்து உண்டாகும் துகள்கள் மூச்சோடு போய் நுரையீரலில் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்தே கதிர் வீசும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப் பழக்கத்துக்கு அடுத்த பெரிய காரணங்களில் இது ஒன்று என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரல் (கதிரியக்க அளவு) கூடினால், ஆபத்து சுமார் 16 சதவீதம் கூடும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரேடானால் வரும் ஆபத்து மற்றவர்களைவிட 25 மடங்கு!

பீதி வேண்டாம்

கேரளாவில் கருநாகப்பள்ளி கருமணல் கரையில் சுமார் 70 ஆயிரம் பேரைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். மணலின் கதிரால் புற்றுநோய் கூடவில்லை என்று 2009-ல் முடிவு வெளியானது. ஆனால் அந்த முடிவு மணலில் இருந்து நேரே வரும் கதிரைப் பற்றியது. அடைத்த அறையில் சேரும் வாயு வேறு விஷயம்.

பரிகாரம் சுலபம். காலையும் மாலையும் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். கொசுவுக்குக் கம்பி வலை அடிக்கலாம். தரை வெடிப்பைச் சிமெண்ட் பூசி அடைக்கலாம். கடற்கரைக் கருமணலைக் கட்டட வேலைக்குக் கொண்டுவரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பீடி சிகரெட்டுக்கு முழுக்குப் போட்டால் ரேடானின் பாதிப் பல்லைப் பிடுங்கியது மாதிரி!